போர்டு இல்லாத இடத்தில் அபராதம் ஏன்? மதுரையில் வண்டி நிறுத்தும் கணக்கு

மதுரையில் வண்டியை நிறுத்திவிட்டு அபராதம் கட்டியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அங்க நோ பார்க்கிங் போர்டே இல்லையே, சார்." அவர்கள் சொல்வது பொய்யாக இருக்காது. போர்டு நிஜமாகவே இல்லாமல் இருந்திருக்கும். அல்லது இருந்த போர்டின் மேல் யாரோ கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். ஆனால் போர்டு இருக்கிறதா இல்லையா என்பது சட்டத்துக்கு இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி வேறு.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 122ஆவது பிரிவைப் பார்த்தால் இது புரியும். பொது இடத்தில் மற்றவர்களுக்கு ஆபத்தோ, தடையோ, தேவையில்லாத சிரமமோ ஏற்படும்படி, ஏன், ஏற்படக்கூடும்படி வண்டியை நிற்க விடக்கூடாது என்கிறது அது. அதில் போர்டைப் பற்றி ஒரு சொல் கிடையாது. "ஏற்படக்கூடும்படி" என்பதைக் கவனிக்க வேண்டும். நீங்கள் நிறுத்தியபோது தெரு காலியாகக் கிடந்தது, யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்ற வாதம் இந்த ஒரு சொல்லில் அடிபட்டுப் போகிறது.

இதற்கு மேல், 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் இருக்கின்றன. எங்கெல்லாம் நிறுத்தவே கூடாது என்று அவை வரிசையாகச் சொல்கின்றன. நடைபாதை, பாதசாரிகள் கடக்கும் கோடு, சாலைச் சந்திப்பை ஒட்டிய இடம், வளைவு, பாலம், பஸ் ஸ்டாப், பள்ளிக்கூட வாசல், மருத்துவமனை வாசல், அடுத்தவர் வீட்டு கேட், ஏற்கெனவே நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில் இரண்டாவது வரிசை. இந்த இடங்களில் போர்டு வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் தடை தடைதான். ஓட்டுநர் உரிமம் வாங்கும்போதே இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று அரசாங்கம் வைத்துக்கொள்கிறது. எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிய நம்மில் எத்தனை பேர் அதைப் படித்தோம் என்பது தனிக்கதை.

போர்டுகள் எதற்கு என்றால், மற்றபடி நிறுத்தலாம் என்று இருக்கும் இடத்தில் கூடுதலாகத் தடை போடுவதற்கு. நீல வட்டம், சிவப்பு விளிம்பு, குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இருந்தால் அங்கே நிறுத்தி வைக்கக்கூடாது. ஆளை இறக்கிவிட்டு உடனே கிளம்பிவிடலாம். அதே வட்டத்துக்குள் பெருக்கல் குறி மாதிரி இரண்டு கோடு இருந்தால் ஒரு நிமிஷம்கூட நிற்கக்கூடாது, ஆளை இறக்கவும் கூடாது. இந்த இரண்டாவது போர்டுக்குக் கீழே நின்றுகொண்டு "இப்பதான் சார் நிறுத்துனேன்" என்று சொல்பவர்களை ஊரில் தினமும் பார்க்கலாம்.

அப்புறம், "வண்டிக்குள்ள ஆள் இருக்கே" என்று ஒரு வாதம். டிரைவர் சீட்டில் ஆள் இருப்பதாலோ நாலு பக்கமும் இண்டிகேட்டர் மின்னுவதாலோ இடைஞ்சல் இடைஞ்சல் இல்லாமல் போய்விடாது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி, பொது இடத்தில் நிற்கும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் லைசென்ஸ் உள்ள ஒருவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்ஜினை அணைத்து, பிரேக் போட்டிருக்க வேண்டும். விளக்குத்தூண் பக்கம் துணி எடுக்கப் போகிறவர்கள் ஏசியை ஓட விட்டு, பத்தாவது படிக்கும் பையனை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்துவிட்டு, "போலீஸ் வந்தா அப்பா இப்ப வந்துருவாருன்னு சொல்லு" என்று போகிறார்களே, அது ஒரு தவறை மறைக்க இன்னொரு தவறைச் செய்வது.

எவ்வளவு கட்ட வேண்டும்?

2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் கூட்டப்பட்ட தொகைகள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. அதுவரை நூறு ரூபாயாக இருந்த பொதுவான அபராதம் முதல் தடவைக்கு 500 ரூபாய் ஆனது. அடுத்தடுத்த தடவைகளுக்கு 1,500. வண்டி நிறுத்தும் குற்றங்கள் பெரும்பாலும் 177ஆவது பிரிவான இந்தப் பொது அபராதத்தின் கீழ்தான் வருகின்றன. போக்குவரத்தின் ஓட்டத்தையே மறித்து நின்றால் 201ஆவது பிரிவும் உண்டு. அதிலும் 500 ரூபாய் வரை போடலாம்.

நூறு ரூபாய்க் காலத்தில் பலர் அதை ஒரு பார்க்கிங் கட்டணமாகவே பாவித்தார்கள். ஸ்டாண்டில் விட்டுவிட்டு வெயிலில் நடப்பதைவிட, மாட்டினால் நூறைக் கொடுத்துவிடலாம் என்ற கணக்கு. 1,500 ரூபாயில் அந்தக் கணக்கு உதைக்கிறது. கடைக்கு முன்னால் தினமும் வண்டியைப் போடும் ஆட்கள் இதைத்தான் யோசிக்க வேண்டும். இரண்டாவது தடவை என்பது அவர்களுக்கு நிச்சயம் வரும்.

வண்டியைத் தூக்கிக்கொண்டு போவதும் சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவதும் 127ஆவது பிரிவில் வருகின்றன. பத்து மணி நேரத்துக்கு மேல் கேட்பாரில்லாமல் கிடக்கும் வண்டியையோ, தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியையோ அகற்றலாம். அதற்குச் சீருடையில் இருக்கும் காவல் அதிகாரியின் உத்தரவு வேண்டும். இழுத்துப் போகும் செலவு வண்டிக்காரர் தலையில்தான், அபராதம் தனி. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வண்டியைத் தூக்கவும் பூட்டவும் உத்தரவிடும் அதிகாரம் போலீசுக்குத்தான். கடைக்காரருக்கோ அபார்ட்மெண்ட் வாட்ச்மேனுக்கோ கிடையாது. "கேட் முன் வண்டி நிறுத்தினால் காற்றுப் பிடுங்கப்படும்" என்று பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறார்களே, அப்படிப் பிடுங்க அவர்களுக்கு உரிமை இல்லை. அதே சமயம், அந்த கேட்டை மறித்து நிறுத்த உங்களுக்கும் உரிமை இல்லை. எழுத்து செல்லாது, தடை செல்லும். கேட்டுக்காரர் செய்ய வேண்டியது போலீசுக்கு போன் போடுவது.

தேருக்குப் போட்ட வீதி

விதி எல்லா ஊருக்கும் ஒன்றுதான். மதுரையில் அது இவ்வளவு கடிப்பதற்குக் காரணம் ஊரின் அமைப்பு. கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று அடுக்கடுக்காகச் சதுரங்கள். வெளி வீதி நீங்கலாக, சுவாமி புறப்பாட்டுக்கும் தேருக்கும் நடக்கிற ஜனத்துக்கும் அளவெடுத்த வீதிகள் இவை. 1840 வாக்கில்தான் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து ஊரை வெளியே பெருக விட்டார்கள். வெளி வீதிகள், மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி எல்லாம் அந்த வேலையில் பிறந்தவை. விளக்குத்தூண் அந்த பிளாக்பர்ன் நினைவாக நட்டதுதான். இன்றைக்கு அதைச் சுற்றித்தான் ஊரிலேயே வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் அல்லாடுகிறோம்.

இந்தச் சதுரங்களுக்குள்தான் மொத்த வியாபாரமும் இருக்கிறது. கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம், தெற்கு மாசி வீதியில் ஜவுளி, தெற்காவணி மூல வீதியில் நகைக்கடைகள். வாங்க வருபவர், வேலை பார்ப்பவர், மூட்டை இறக்க வரும் லோடு வண்டி, சாமி கும்பிட வரும் வெளியூர்க்காரர் எல்லோருக்கும் அதே நாலு வீதி. முகூர்த்த நாளுக்கு முந்தைய வாரத்தில் தெற்கு மாசி வீதியில் நின்று பார்த்தால் தெரியும். கடையை ஒட்டி முன்சக்கரத்தை உள்ளே தள்ளி சாய்வாக ஒரு வரிசை பைக். அதற்கு வெளியே, "அஞ்சு நிமிஷம்தாண்ணே" என்று நிறுத்திய இரண்டாவது வரிசை. கடைக்காரர் தன் வாடிக்கையாளருக்கென்று பழைய டயரில் சிமெண்ட் கொட்டி, நடுவில் கம்பி நட்டு இடம் பிடித்து வைத்திருப்பார். ஓரத்தில் தள்ளுவண்டி. மிச்சமிருக்கும் தெருவில் ஒரு ஷேர் ஆட்டோவும் ஒரு லோடு வண்டியும் எதிரெதிரே வந்துவிட்டால் முடிந்தது கதை. போலீஸ் ஜீப் மைக்கில் "டிஎன் ஐம்பத்தொம்பது, வெள்ளைக் கலர் கார், வண்டியை எடுங்க" என்று இரண்டு தடவை கத்தும். மூன்றாவது தடவை கத்தாது, போட்டோ எடுக்கும்.

முதலில் மாட்டுவது அந்த இரண்டாவது வரிசைதான். முதல் வரிசையில் நிற்கும் பைக்குக்கும் விதிப்படி அங்கே இடம் உண்டா என்பது தெருவுக்குத் தெரு மாறும். ஆனால் நடைமுறையில் போலீஸ் வெள்ளைக்கோடு போட்டிருக்கும் இடத்தில் கோட்டுக்கு உள்ளே நிற்கும் வண்டியைத் தொடுவது அரிது. பின்சக்கரம் கோட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால்தான் வம்பு. டயரில் நட்ட கம்பி இருக்கிறதே, அது கடைக்காரரின் அத்துமீறல். தெருவில் யாருக்கும் பட்டா கிடையாது. ஆனால் அதை நகர்த்திவிட்டு நிறுத்தி, கடைக்காரரோடு மல்லுக்கட்டுவதைவிட வேறு இடம் பார்ப்பது நல்லது. சட்டம் உங்கள் பக்கம், ஆனால் சீட் கவரும் சைடு மிரரும் அவர் கண் முன்னால் இருக்கும்.

சித்திரை வீதிகளுக்குள் பொது வாகனங்களுக்கு அனுமதியே இல்லை என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரர்கள் மேப்பைப் பார்த்துக்கொண்டே தடுப்பு வரைக்கும் வந்து, திரும்ப வழியில்லாமல் பக்கத்துச் சந்தில் காரைச் செருகிவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுகிறார்கள். கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. வண்டியை எடுக்கச் சொல்லி யார் போன் போட்டாலும் அது லாக்கரிலோ காருக்குள்ளேயோ அடித்துக்கொண்டிருக்கும். சாமி கும்பிட்டு, பொற்றாமரைக் குளத்தில் உட்கார்ந்துவிட்டு வருவதற்குள் சந்துக்காரர்கள் ஊரைக் கூட்டியிருப்பார்கள்.

சரி, எங்கேதான் நிறுத்துவது?

2016இல் மதுரை ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்தது. அந்தத் திட்டத்தில் வடக்கு ஆவணி மூல வீதியில், பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில், பல அடுக்கு வாகன நிறுத்தம் கட்டினார்கள். பெரியார் பஸ் ஸ்டாண்டைப் புதிதாகக் கட்டியபோது தரைக்கு அடியிலும் பார்க்கிங் வைத்தார்கள். கோயிலுக்கும் மாசி வீதிகளுக்கும் இந்த இரண்டிலிருந்தும் நடக்கும் தூரம்தான். ரயில்வே ஸ்டேஷன் பக்கமும் வெளி வீதிகளிலும் தனியார் ஸ்டாண்டுகள் இருக்கின்றன. நூறடி நடக்க யோசித்து வாசலிலேயே நிறுத்தப் பார்ப்பதுதான் நம் பிரச்சினை என்று அதிகாரிகள் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதியை அவர்கள் சொல்வதில்லை. கட்டட வரைபடத்தில் பார்க்கிங் என்று காட்டி அனுமதி வாங்கிய கீழ்த்தளங்கள் பல குடோனாகவும் கடையாகவும் மாறிக் கிடக்கின்றன. கல்யாண மண்டபத்துக்கு வந்த கார்கள் சாலையில் நிற்பது விருந்தாளியின் குற்றம் மட்டுமல்ல. ஆனால் செல்லான், அதாவது அபராதச் சீட்டு, விருந்தாளிக்குத்தான் போகிறது.

தெருவோரத்தில் நிறுத்தினால் டோக்கன் கிழித்து நீட்டுபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டணம் வசூலிக்கும் உரிமையை மாநகராட்சி ஏலத்தில் விடும். எடுத்தவரின் ஆள்தான் டோக்கன் கொடுப்பவர். அப்படியானால் டோக்கனில் மாநகராட்சியின் பெயர், ஒப்பந்தக்காரர் விவரம், கட்டணம், நேரம் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். வெறும் கலர் காகிதத்தில் ஒரு நம்பரும் பத்து ரூபாயும் மட்டும் இருந்தால் கேள்வி கேட்கலாம். தர மறுக்கலாம். இதைவிட முக்கியமானது, மாநகராட்சியின் வசூல் வேறு, போலீசின் அபராதம் வேறு. டோக்கன் வாங்கிவிட்டோம் என்பதற்காக, பாதையை மறித்து நிறுத்திய வண்டிக்கு அபராதம் வராது என்று இல்லை. டோக்கன் கொடுத்தவர் அந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

திருவிழா நாட்களில் வழக்கமான கணக்கு எதுவும் செல்லாது. சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதிகளில்தான் ஓடும். முந்தின ராத்திரி அங்கே விட்ட வண்டி காலையில் அங்கே இருக்காது. அழகரை ஊர் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று தல்லாகுளமும், அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகையின் இரு கரையும் வண்டிக்கு மூடிவிடும். தற்காலிக நிறுத்துமிடங்களையும் மாற்றுப்பாதைகளையும் மாநகரக் காவல்துறை முன்கூட்டியே அறிவித்துவிடும். அது நாளிதழ்களின் மதுரைப் பக்கத்தில் வரும், அன்றைக்கு அதைப் படித்துவிட்டுக் கிளம்பலாம். அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கும் பனகல் சாலைக்கு மட்டும் திருவிழாக் கணக்கு, நாள் கணக்கு எதுவும் வேண்டாம். ஆம்புலன்ஸ் போகும் வாசல் என்றைக்கும் வாசல்தான்.

போன் வழியே வரும் அபராதம்

இப்போதெல்லாம் யாரும் நம்மை நிறுத்திப் பேசக்கூட வேண்டியதில்லை. வண்டி எண்ணோடு ஒரு போட்டோ போதும். கேமரா பதிவை வைத்துச் செல்லான் அனுப்பக்கூடிய குற்றங்களின் பட்டியலில், தடை செய்யப்பட்ட இடத்தில் நிறுத்துவதையும் 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்துவிட்டார்கள். செல்லான் போவது வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்கு. நிறுத்தியது யார் என்பது அடுத்த கேள்வி.

இங்கேதான் நிறையப் பேர் சிக்குகிறார்கள். பழைய பைக்கை விற்றிருப்பார்கள், ஆர்.சி. புக்கில் பெயர் மாற்றியிருக்க மாட்டார்கள். வாங்கியவர் திருமங்கலத்திலிருந்து தினமும் வந்து சிம்மக்கல்லில் இடைஞ்சலாக நிறுத்துவார். செய்தி விற்றவரின் போனுக்கு வரும். வண்டி விற்ற 14 நாளுக்குள், அதே மாநிலத்துக்குள் என்றால், விற்றவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும் என்று சட்டத்தின் 50ஆவது பிரிவே சொல்கிறது. வாங்கியவருக்கு 30 நாள். "அவர் மாத்திக்குவாருன்னு நெனச்சேன்" என்பது யாரிடமும் எடுபடாது. நேர்மாறான சிக்கலும் உண்டு. வண்டி வாங்கும்போது கொடுத்த செல் நம்பர் இப்போது உங்களிடம் இல்லையென்றால் செல்லான் வந்ததே தெரியாது. எஃப்.சி. எனும் வண்டித் தகுதிச் சான்று, பெயர் மாற்றம் என்று எதற்காவது ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகும்போது மொத்தமாக எழுந்து நிற்கும். மத்திய அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாகனில் செல் நம்பரைப் புதுப்பித்து வைத்துக்கொள்வது நல்லது.

இந்தப் பயத்தை வைத்தே ஒரு திருட்டுத் தொழிலும் நடக்கிறது. "உங்கள் வாகனத்துக்கு அபராதம் நிலுவையில் உள்ளது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி, கூடவே ஏபிகே என்று முடியும் ஒரு ஃபைல். அதைத் திறந்து இன்ஸ்டால் செய்தால் போன் அவர்கள் கைக்குப் போய்விடும், அப்புறம் வங்கிக் கணக்கு. அபராதம் கட்டச் சொல்லி எந்த அரசுத் துறையும் ஏபிகே ஃபைல் அனுப்புவதில்லை. செய்தியில் வரும் லிங்க்கைத் தொடாமல், நீங்களே பரிவாகன் இ-செல்லான் தளத்துக்குப் போய் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். அதன் முகவரி கடைசியில் கவ் டாட் இன் என்றுதான் முடியும். அங்கே நிலுவை காட்டவில்லை என்றால் வந்த செய்தியை அழித்துவிடலாம்.

தவறான செல்லான் வந்தால்?

வரும். நம்பர் பிளேட்டில் 3ஐ 8 என்று படித்து யாரோ செய்ததற்கு உங்களுக்கு வரலாம். அல்லது நிஜமாகவே தடையில்லாத இடத்தில் நிறுத்தியதற்கு வரலாம். முதலில் செல்லானில் இருக்கும் போட்டோவைப் பாருங்கள். வண்டியின் மாடலும் நிறமும் உங்களுடையவையா, இடம், தேதி, நேரம் பொருந்துகின்றனவா, எந்தப் பிரிவு என்று போட்டிருக்கிறதா? பொருந்தவில்லை என்றால் அதே தளத்தில் புகார் பதியும் வசதி இருக்கிறது. ஆர்.சி. நகலோடும் உங்கள் வண்டியின் படத்தோடும் பதியலாம், போக்குவரத்துக் காவல் அலுவலகத்தில் நேரிலும் மனுக் கொடுக்கலாம்.

செல்லான் என்பது தீர்ப்பு இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு தொகையைக் கட்டினால் அதோடு முடிகிறது. ஒப்புக்கொள்ளாவிட்டால் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வது உங்கள் உரிமை. அதற்காக ரோட்டில் நின்று சத்தம் போட வேண்டியதில்லை. 500 ரூபாய்க்கு ஒரு நாள் வேலையை விட்டு கோர்ட்டுக்குப் போவது லாபமா என்று எல்லோரும் கணக்குப் போடுவார்கள். பெரும்பாலும் கட்டிவிட்டுப் போவார்கள், புரிகிறது. ஆனால் அடுத்தது 1,500 என்பதால், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு முதல் தடவையைக் கணக்கில் ஏற்றிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. ரோட்டிலேயே கட்டுவதாக இருந்தால் கையில் இருக்கும் மெஷினில் செல்லான் போட்டு, ரசீது வந்த பிறகு கட்டுங்கள். ரசீது இல்லாமல் கை மாறும் பணம் உங்கள் கணக்கிலும் ஏறாது, அரசாங்கத்தின் கணக்கிலும் ஏறாது.

வண்டியையே காணோம் என்றால் உடனே திருட்டுப் புகார் கொடுக்க ஓட வேண்டாம். பக்கத்துக் கடையில் கேட்டால் தூக்கிக்கொண்டு போனதைச் சொல்லிவிடுவார்கள், மதுரையில் தெருவில் நடப்பதைப் பார்க்காத கடைக்காரர் இல்லை. அந்தப் பகுதி போக்குவரத்துக் காவலரிடமோ 100க்கோ வண்டி எண்ணைச் சொல்லி எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம். ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ் மூன்றும் டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகன் செயலியிலோ இருந்தால் போதும், அசல் தாள் தேவையில்லை. வண்டியை எடுக்கும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இழுத்ததில் பம்பரோ ஃபோர்க்கோ அடிபட்டிருந்தால் அங்கேயே எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு ஒரு கையெழுத்தும் கேளுங்கள். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு மறுநாள் போய்ச் சொன்னால், அது இழுத்ததில் வந்த கீறல் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.